வாத்து என்று சொல்லக் கூடாது

நோரீன் பாட்மோரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "அவ என்ன பெரிய மந்திரியா?" என்று கேட்டாள். மந்திரி இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள். அப்புறம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். அதற்கப்புறம் பதினாலு மாதம் வேலை தேடியவள். மந்திரிகளைப் பற்றி எழுத இந்த நாட்டில் ஆள் நிறைய இருக்கிறார்கள். நோரீனுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனுக்கு வடக்கே, ஸ்டோக் நகரை ஒட்டிய எங்கள் ஹேஸல்பேங்கில், வேலை அலுவலகத்தின் வாசலில் நிற்கிற காவலாளி. தில்லைநாதன் என்ற பெயரை வந்த முதல் நாளே இந்த ஊர் நறுக்கி 'டில்' ஆக்கிவிட்டது. அதாயிற்று இருபத்திரண்டு வருஷம். கறுப்புக் கோட்டு, காதில் ஒரு ஒயர், கையில் அட்டையில் செருகிய பெயர்ப் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் உள்ளே விடுவேன், இல்லாவிட்டால் விடமாட்டேன். வேலை இல்லாதவர்கள் நினைத்த நேரத்தில் வேலை அலுவலகத்துக்குள் நுழைந்து வேலை கேட்டுவிடக் கூடாது. அதைத் தடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நோரீன் முதல் தடவை வந்தது ஒரு பிப்ரவரி மாதத்து மழையில். வயது ஐம்பத்தெட்டு. குட்டையான உருவம், இடது முழங்காலில் கோளாறு, தலையில் பிளாஸ்டிக் முக்காடு.

"பேர் என்ன?" என்றேன்.

"நோரீன் பாட்மோர், வாத்து. பத்தே காலுக்கு வரச் சொன்னாங்க. நான் ஒம்பதே முக்காலுக்கே வந்துட்டேன். வெளிய நின்னா நான் நனைவேன். உள்ள நின்னா உனக்குத் திட்டு விழும். எது உனக்குத் தோதுன்னு நீயே சொல்லு."

இந்த வாத்து விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் 'டக்'. அதாவது வாத்து. புருஷன், பெண்டாட்டி, போலீஸ்காரர், பாதிரியார், பல் டாக்டர், முன்பின் தெரியாதவன், ஒருத்தரும் பாக்கி கிடையாது. நம் பக்கம் கண்ணு, ராசா, தங்கம் என்று பிரித்துச் சொல்வதையெல்லாம் இங்கே ஒரே பறவையில் முடித்துவிடுவார்கள். நான் வந்த புதிதில் பஸ் டிரைவர் ஒருத்தர் "ஏறு வாத்து" என்றதும், யாரைப் பார்த்து மடையன் என்கிறாய் என்று சண்டைக்குப் போகவிருந்தேன். இப்போது யாராவது வாத்து என்று சொல்லாமல் பேசினால்தான் என்மேல் கோபமோ என்று தோன்றுகிறது.

உள்ளே விட்டேன். திட்டும் விழுந்தது.

அவளுக்கு ஒதுக்கிய அதிகாரி கீரன். இருபத்தாறு வயதுப் பையன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர் கேட்டதைக் கேட்பான், கம்ப்யூட்டர் சொன்னதைச் சொல்வான், அவ்வளவுதான். அவன் மேஜை என் வாசலிலிருந்து நாலு அடி தூரம், ஆகவே எல்லாம் என் காதில் விழும்.

"ஸ்கூல் வேலைய எப்ப விட்டீங்க?"

"ரெண்டாயிரத்து அஞ்சுல. அம்மாவுக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு."

"அதுக்கப்புறம்?"

"அம்மாவப் பாத்துக்கிட்டேன். போன நவம்பர்ல போயிட்டா."

"அடப் பாவமே." டக டகவென்று தட்டினான். "அப்ப பதினோரு வருஷமா எந்த வேலையும் செய்யல."

"செய்யலையா? தூக்கி உக்கார வெச்சேன், குளிப்பாட்டினேன், ஊட்டினேன், மாத்திரை குடுத்தேன், துணி மாத்தினேன். அது வேலை இல்லைன்னா, அதுக்குப் பேரு என்ன?"

"எனக்குப் புரியுதுங்க. ஆனா இந்தக் கட்டத்துல நாலே நாலுதான் இருக்கு. வேலை, படிப்பு, ஜெயில், இடைவெளி."

நோரீன் கொஞ்சம் யோசித்தாள். "ஜெயில்னு போட்டா ஏதாவது உதவி உண்டா?"

"உண்டு. அவங்களுக்குத் தனித் திட்டமே இருக்கு. தனியா ஒரு அதிகாரி, புது சூட்டு, எல்லாம்."

"ச்சே! இது முன்னாடியே தெரிஞ்சா ஒரு பேங்கையாவது கொள்ளையடிச்சிருப்பேனே, வாத்து."

இடைவெளி என்றே போட்டான். பதினோரு வருஷம் ஒரு மனுஷியைத் தூக்கிச் சுமந்தவளின் ஆயுள், அரசாங்கக் கணக்கில் வெறும் ஓட்டையாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வயிறு எரிவது என் ஒப்பந்தத்தில் இல்லை, அடுத்த ஆளின் பெயரைப் பட்டியலில் தேடினேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவாள். அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை நிற்காமல் வரவேண்டுமானால் வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம் வேலை தேட வேண்டும். தேடியதை எழுதிக் காட்ட வேண்டும். நோரீன் நேர்மையானவள், எழுதினாள். 'திங்கள்: நூலகக் கம்ப்யூட்டரில் தேடினேன். கிடைக்கவில்லை. செவ்வாய்: செலவைக் குறைக்க நூலகத்தை மூடிவிட்டார்கள். வாசலில் நின்று தேடினேன். கிடைக்கவில்லை. புதன்: நூலகத்தில் வேலை செய்த பெண்ணும் என்னோடு சேர்ந்து தேடினாள். அவளுக்கும் கிடைக்கவில்லை.'

கீரன் படித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோட எழுதலாமே" என்றான்.

கம்ப்யூட்டர் அவளுக்குப் பொருத்தமான வேலை என்று சில வேலைகளைத் துப்பும். லாரி ஓட்டுவது. நாய்க்கு முடி வெட்டுவது. ஒரு தடவை, வேல்ஸ் மொழி வானொலியில் அறிவிப்பாளர். எண்பத்து மூன்று சதவீதம் பொருத்தம் என்று பச்சை எழுத்தில் காட்டியதாம்.

"எனக்கு வேல்ஸ் மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாதே" என்றாள் நோரீன்.

"'நல்லாப் பேசுவேன்'னு நீங்கதானே எழுதினீங்க? விண்ணப்பம் போடலைன்னா ஒத்துழைக்கலைன்னு பதிவாகும்."

போட்டாள். பதிலும் வந்தது, வேல்ஸ் மொழியில். அந்த வேலை கிடைத்ததா இல்லையா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. அந்த அலுவலகத்தில் காத்திருக்கிறவர்கள் நடுவே அவள் ஒரு உத்தியோகமே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காவது பணம் நின்றுபோய், மேஜையைத் தட்டிக் கத்த ஆரம்பித்தால், நான் காதிலிருக்கும் ஒயரைத் தொட்டு ஆள் கூப்பிடுவதற்குள் நோரீன் எழுந்து போய்விடுவாள். "இங்க வா வாத்து, உக்காரு. யாரு பெத்த புள்ளை நீ? பார்ஸ்னிப் தெருவா? உங்க அத்தை எனக்குத் தெரியுமே" என்பாள். கத்தியவன் ஐந்து நிமிஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். வரும்போதெல்லாம் எனக்கு ஓட்கேக் கொண்டுவருவாள். ஓட்ஸில் வார்த்த தோசை மாதிரி இருக்கும், உள்ளே சீஸ் வைத்துச் சுருட்டியது. அதை நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து தின்பேன், ஏனென்றால் வருகிறவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி.

பதிமூன்றாவது மாதம் முற்றும்போது அவளை மாடிக்கு அனுப்பினார்கள்.

மாடியில் ஒரு தனியார் கம்பெனி. அதற்கு நம்பிக்கை ததும்பும் ஒரு பெயர் உண்டு, எழுதினால் வம்பு, ஆகவே மாடிக் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். வேலை கிடைக்காதவர்களை ஆறு வாரம் தேய்த்து மெருகேற்றி வேலை வாங்கித் தருவதாக அரசாங்கத்தோடு ஒப்பந்தம். பயிற்சி கொடுக்க பிலிப்பா என்ற பெண் லண்டனுக்குத் தெற்கேயிருந்து வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பளிச்சென்ற கோட்டு, கையில் ஒரு சின்ன மணி.

முந்தைய வகுப்பில் யாரோ நாற்காலியைத் தூக்கி வீசியதால் முதல் நாள் என்னையும் மாடியில் நிற்கச் சொன்னார்கள். பார்த்தேன். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், பிலிப்பா பலகையில் எழுதினாள்: தொழில்முறை மொழி.

"முதல் விதி," என்றாள். "வேலை குடுக்கறவங்கள வாத்துன்னு கூப்பிடக் கூடாது. சார், மேடம், இல்லன்னா அவங்க பேர். யாராவது வாத்துன்னு சொன்னா நான் மணி அடிப்பேன்."

"மேடம்னு கூப்பிட்டா திட்டறதா நெனச்சுக்குவாங்களே, வாத்து," என்றாள் நோரீன்.

டிங்.

"ஐயோ, தெரியாம வந்துருச்சு வாத்து."

டிங்.

"விடு நோரீன், அந்தப் பொண்ணு பாவம், கை வலிக்கப்போவுது," என்றார் பின்வரிசையில் ஒருத்தர். பிறகு பிலிப்பாவைப் பார்த்து, "நீ உக்காந்தே அடி வாத்து."

டிங்.

மாரியம்மன் கோயிலில் தீபாராதனை நடப்பது மாதிரி இருந்தது. கீழே கீரன் தலையைத் தூக்கிப் பார்த்தானாம்.

"ரெண்டாவது விதி," என்றாள் பிலிப்பா, கொஞ்சம் களைத்துப்போய். "இன்டர்வியூல டீ குடுத்தா, கோப்பையக் கவிழ்த்து அடியப் பாக்கக் கூடாது."

வகுப்பே திகைத்துப்போயிற்று. இது பீங்கான் செய்கிற ஊர். எந்த வீட்டுக்குப் போனாலும், கல்யாணமானாலும் சாவானாலும், கோப்பையைக் கையில் எடுத்தவுடன் தூக்கி அடியில் எந்த ஆலையின் முத்திரை இருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு "எங்க சித்தி வேலை செஞ்ச ஆலை" என்பார்கள். அப்புறம்தான் டீ தொண்டையில் இறங்கும்.

"பாக்காம எப்படிக் குடிக்கிறது?" என்று உண்மையாகவே கவலையோடு கேட்டாள் நோரீன்.

ஆறு வாரம் மணி அடித்தது. நோரீன் முட்டாள் இல்லை, முரடியும் இல்லை, சொன்னதைக் கற்றுக்கொண்டாள். ஆறாவது வாரக் கடைசியில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள். அன்று படி இறங்கி வந்தவள் என்னைப் பார்த்து, "மாலை வணக்கம், சார்," என்றாள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்த வாரம்தான் அந்த வேலை வந்தது. நோரீன் குடியிருக்கிற அதே தெருவில், ஏழு வீடு தள்ளி, ஆல்டர்வுட் என்று ஒரு முதியோர் இல்லம். பகல் வேலை. முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட வைத்து, பேசிக்கொண்டிருக்க வேண்டும். விளம்பரத்தை என் பக்கத்தில் நின்றே மூன்று தடவை படித்தாள்.

"டில், இது நான் செய்யற வேலை. இத நான் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் செய்வேன்."

ஆனால் கீரனின் கம்ப்யூட்டர் இன்னொன்றும் வைத்திருந்தது. நெடுஞ்சாலை ஓரத்துப் பார்சல் கிடங்கு. விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பம், பத்து மணி நேரம் நடந்துகொண்டே பெட்டி எடுக்க வேண்டும்.

"வியாழக்கிழமை ஆல்டர்வுட் இன்டர்வியூ," என்றான். "அது கிடைக்கலைன்னா திங்கக்கிழமை கிடங்குக்குப் போயாகணும். போகலைன்னா மூணு மாசம் உதவித்தொகை நின்னுடும்."

"முதல் பஸ்சே ஆறு பத்துக்குத்தானப்பா?"

"ஒம்பது மைல்னு மட்டும்தாங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. பஸ் பத்தி ஒண்ணும் இல்ல."

வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். "அங்க போனா என் கால் ஒரு வாரம் தாங்காது. போகலைன்னா வீட்டக் காலி பண்ணணும். ஆல்டர்வுட் கிடைச்சாதான் டில். எனக்கு வேற வழியே இல்ல."

வியாழக்கிழமை அவள் என்ன செய்தாள் என்பதை மறுநாள் அவள் வாயாலேயே கேட்டேன். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டாள். நிர்வாகி திருமதி ஷெரட்டிடம் "வணக்கம், மேடம்" என்றாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். 'வா' என்று வந்த இடத்தில் எல்லாம் நாக்கைக் கடித்து விழுங்கினாள். டீ கொடுத்தார்கள், கோப்பையின் அடியைப் பார்க்காமல் குடித்தாள். "அந்த டீ தொண்டையில முள்ளு மாதிரி எறங்குச்சு டில், ஆனா பாக்கல," என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முடிவு பிலிப்பாவுக்கு வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளே கீழே வந்து, வாசலில் என்னோடு நின்ற நோரீனுக்குப் படித்துக் காட்டினாள்.

'விண்ணப்பதாரர் மிக மரியாதையாக நடந்துகொண்டார். ஆனால் பேச்சில் ஒட்டுதல் இல்லை. இந்த ஊர்ப் பழக்கவழக்கம் அறிந்தவராகவும் தெரியவில்லை. எங்களிடம் இருக்கும் முதியவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். வெளியூரிலிருந்து வந்தவரிடம் அவர்கள் பழகுவது கடினம். ஆகவே வருந்துகிறோம்.'

நோரீன் அந்தத் தெருவிலேயே, ஏழு வீடு தள்ளிப் பிறந்தவள்.

"வெளியூரா?" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "நானா?" அப்புறம் மெதுவாக வரவில்லை. "ஆறு வாரம் மணி அடிச்சு அடிச்சு என்னை எந்த ஊரும் இல்லாதவளா ஆக்கிட்டியேடி! என் தெருவுல போயி நான் வெளியூர்க்காரியா உக்காந்துட்டு வந்திருக்கேன்!"

பிலிப்பாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "நான் நல்லதுக்குத்தான்..." என்றாள்.

நோரீன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. நொண்டிக்கொண்டே தெருவில் இறங்கி ஆல்டர்வுட் பக்கம் நடந்தாள். அவள் போன போக்கைப் பார்த்தால் ஜன்னல் கண்ணாடி உடையும் போலிருந்தது. நான் பட்டியலைக் கீரன் மேஜையில் போட்டுவிட்டு, "சாப்பாட்டு வேளை" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அரைமணி நேரம்தான் எனக்கு உண்டு.

திருமதி ஷெரட் நல்ல பருமனான பெண்மணி, அறுபது வயதிருக்கும். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் டீக்காகக் காத்திருந்தார்கள். நோரீன் நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஒரு நிமிஷம் கேளு வாத்து. நான் மரியாதை தெரியாதவன்னு நீ சொல்லியிருந்தா போனாப் போவுதுன்னு இருந்திருப்பேன். வெளியூர்க்காரின்னு எழுதினே பாரு, அத நான் விடமாட்டேன். எங்க அப்பா இந்தத் தெருவுல பொறந்தாரு. நான் இந்தத் தெருவுல பொறந்தேன். எங்க அம்மா இந்தத் தெருவுல என் கையிலதான் செத்தா. நீ இங்க வந்து எத்தினி வருஷம் ஆவுது வாத்து?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவி மெல்ல வழுக்கிச் சரிந்துகொண்டிருந்தாள். நோரீன் பேச்சை நிறுத்தவில்லை. ஒரு கை அக்குளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்குப் பின்னால், தன் முட்டியால் கிழவியின் முட்டியை முட்டுக்கொடுத்து, ஒரே இழுப்பில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். முதுகுக்குத் தலையணையைச் செருகினாள். "இப்ப சரியா இருக்கா வாத்து?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, திரும்பி ஷெரட்டை மறுபடியும் திட்டத் தொடங்கினாள்.

ஷெரட் ஒரு கோப்பை டீயை அவள் கையில் கொடுத்தார். நோரீன் வாங்கிய வேகத்தில் அதைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தாள்.

"அடப் பாவி! வெளிநாட்டுச் சாமான்! இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு வெளிநாட்டுக் கோப்பையில டீ குடுக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

கூடத்திலிருந்த கிழடுகள் எல்லாம் தங்கள் கோப்பைகளைத் தூக்கிப் பார்த்தன. "அதத்தான் நானும் வந்த நாள்லேருந்து சொல்றேன்!" என்றார் ஒரு தாத்தா.

ஷெரட் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "நேத்து வந்தது யாரு வாத்து? உன் அக்காவா?"

"நேத்து வந்தது நான் இல்ல. அது மாடிக் கம்பெனி செஞ்சு அனுப்பினது."

"நேத்து நீ கோப்பையப் பாக்காம டீ குடிச்சப்பவே நெனச்சேன், இவ எந்த ஊர்க் களுதைன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் கொஞ்சம் மாறியது. "எனக்கு நீ வேணும். ஆனா ரெண்டு பேர்கிட்டேருந்து நற்சான்று இல்லாம யாரையும் உள்ள விட முடியாது. அரசாங்கத்துலேருந்து சோதனைக்காரங்க வருவாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள என் மேஜைக்கு வந்தா திங்கக்கிழமை நீ இங்க. வரலைன்னா என் கையக் கட்டிப்போட்ட மாதிரிதான்."

ஒன்று கிடைத்துவிடும். பள்ளிக்கூடத் தலைமைச் சமையல்காரி ஓய்வுபெற்றுக் கடற்கரையில் இருந்தாள். போன் போட்டால் எழுதி அனுப்பிவிடுவாள். இரண்டாவது? சொந்தக்காரராக இருக்கக் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல் பழக்கம் வேண்டும். உத்தியோகத்தில் இருக்கிறவராக இருக்க வேண்டும். பதினோரு வருஷம் அவளைப் பார்த்தவள் ஒருத்திதான், அவள் கல்லறையில் இருந்தாள்.

ஷெரட் என் சட்டையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். நோரீனும் பார்த்தாள்.

நான் தரையைப் பார்த்தேன். அலுவலகத்துக்கு வருகிறவர்களோடு எந்த ஒட்டும் உறவும் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. போன வருஷம் ஒருத்தன், வந்தவளுக்குக் குடையைக் கொடுத்ததற்காக வேலையை இழந்தான். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வேலை போனால் நானும் கீரன் முன்னால்தான் உட்கார வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துபோனேன்.

"வேண்டாம் டில்," என்றாள் நோரீன். "உன் சோத்துல மண்ணு விழ வேண்டாம். நான் கிடங்குக்கே போறேன்."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கழன்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லிவிட்டாள். எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. "பேனா குடுங்க," என்று ஷெரட்டிடம் கத்தினேன்.

படிவத்தில், 'விண்ணப்பதாரரை எவ்வாறு அறிவீர்?' என்று கேட்டிருந்தது. எழுதினேன். 'பதினாலு மாதமாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார். ஒரு நாளும் ஒரு நிமிஷம் தாமதமாக வந்ததில்லை. அழுதவர்களை ஆற்றினார். அடிக்க வந்தவர்களை உட்கார வைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. அந்தக் கட்டிடத்தில் உருப்படியாக வேலை பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான்.' கீழே முழுப் பெயரையும் போட்டேன். தில்லைநாதன். டில் என்று போடவில்லை.

நாலேகாலுக்குள் சமையல்காரியின் கடிதமும் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை நோரீன் ஏழு வீடு நடந்து வேலைக்குப் போனாள்.

எங்கள் அலுவலகத்தில் என் நற்சான்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. மூன்று வாரம் கழித்து, தன் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட நோரீன் அலுவலகத்துக்கு வந்தாள். நீலச் சீருடை, மார்பில் பெயர்ப்பட்டை. கீரன் பெருமையோடு கைகொடுத்தான். அவன்தான் வாங்கிக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டான் போல. வெளியே வந்து என்னோடு பேசிக்கொண்டு நின்றபோது, மாடியிலிருந்து பிலிப்பா இறங்கி வந்தாள். கையில் மணி இல்லை. ஒரு தாள் இருந்தது.

"நோரீன், ஒரு உதவி," என்றாள். தாளை நீட்டினாள்.

நான் எட்டிப் படித்தேன். 'மேற்படி நிறுவனத்தின் பயிற்சியால்தான் எனக்கு இவ்வேலை கிடைத்தது என உறுதி கூறுகிறேன்.'

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "போடாதீங்க நோரீன்! இவங்க பயிற்சியாலதான் அந்த வேலையே கை நழுவிப் போகப் பாத்துச்சு. கையெழுத்து வேற கேக்கறாங்களா? என்ன நெஞ்சழுத்தம்!"

"அவர் சொல்றது நிஜம்," என்றாள் பிலிப்பா. "அது பொய்னு எனக்குத் தெரியும். இருபது பேருக்குப் பயிற்சி குடுத்தேன், ஒருத்தருக்கும் என்னால வேலை கிடைக்கல. இந்த மாசம் ஒருத்தரையாவது காட்டலைன்னா என்னை நிறுத்திடுவாங்க. எனக்கு இங்க யாரையும் தெரியாது. பொண்ண இப்பதான் இந்த ஊர் ஸ்கூல்ல சேத்திருக்கேன்." வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நிறுத்தினா என்ன பண்ணுவே?" என்று நோரீன் கேட்டாள்.

பிலிப்பா கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, கீரன் மேஜைக்கு முன்னாலிருந்த காலி நாற்காலியைக் காட்டினாள்.

நோரீன் அந்த நாற்காலியைப் பார்த்தாள். அதில் அவள் பதினாலு மாதம் உட்கார்ந்திருந்தாள். என் கையிலிருந்த அட்டையை வாங்கி, அதன்மேல் தாளை வைத்து, நிதானமாகத் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். பிலிப்பா அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப் படியில் ஓடினாள்.

"உங்களுக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு," என்றேன் ஆத்திரம் தாங்காமல்.

"பதினாலு மாசம் இந்தக் கட்டிடமே கூடி எனக்கு ஒரு வேலை வாங்கித் தரப் பாத்தீங்க, உங்களால ஆவல," என்றாள் நோரீன், அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "நான் நின்ன எடத்துல, ஒரே கையெழுத்துல, ஒருத்திக்கு வேலையக் காப்பாத்திக் குடுத்துட்டேன். நீயே சொல்லு டில், எங்க ரெண்டு பேர்ல யாரு கிறுக்கு, நானா, உங்க ஆபீஸா?"